ஆச்சியின் பெட்டிக்கு 38 மீட்டர் தள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தில் என் முத்திரை: ஆத்தங்குடித் தரைக்கல்லில் வரும் எட்டு இதழ்ப் பூ. கீழே ஒரு வரி. "பெட்டி கிடைத்தது, அப்படியே வைத்துவிட்டேன். இந்தக் கரையில் ஆச்சி பெட்டி ஒன்றும் இருக்கிறதாமே, அது கண்ணில் படவே இல்லை."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் எட்டு மாதம் வேலை பார்த்தேன். புதிய இடத்துக்கு மாற்றிய பிறகு வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் என் பெட்டியை மட்டும் எடுத்து, என் பெட்டியை மட்டும் திருப்பி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை நான் செய்த தப்பு என்ன, எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதிவைக்க இதுதான் நேரம் என்று தோன்றியது.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொல்வது தபால் பெட்டி இல்லை. தண்ணீர் புகாத சின்னப் பெட்டிக்குள் கையால் செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் போட்டு, பொது இடத்தில் ஒளித்துவைத்து, வழிக்குறிப்பு எழுதித் தருவது. தேடி வருகிறவர் தன் முத்திரையைப் பெட்டியிலுள்ள நோட்டில் பதிப்பார், பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார், பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுப் பொட்டலில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போகச் செய்தார். பிற்பாடு ஆட்கள் தங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டையை அங்கே விட்டுவர, அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்த்தார். அங்கிருந்துதான் லெட்டர்பாக்ஸ் என்ற பெயர். நாங்கள் பெட்டி என்றே சொல்கிறோம்.

எங்கள் பக்கம் இதைக் கொண்டுவந்தவர் கானாடுகாத்தானில் இருக்கும் ஓர் ஆச்சி. மகன் இங்கிலாந்தில் எக்ஸிடரில் வேலையில் இருந்தபோது ஆறு மாதம் போய்த் தங்கி, மருமகளோடு டார்ட்மூரில் நடந்து பழகியவர். ஊர் திரும்பியதும் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் நடுவே ஒரு கண்மாய்க் கரையில் தன் பெட்டியை வைத்தார். நாலு வருஷமாக அது அங்கே இருக்கிறது. வழிக்குறிப்பை யாருக்கும் போனில் அனுப்பமாட்டார். கேட்டால் அஞ்சலட்டையில் தன் கையால் எழுதித் தபாலில் போடுவார்.

எனக்கும் ஓர் அட்டை வந்தது. போய்த் தேடி எடுத்தேன். அந்தக் கரையில் நின்றபோது, நாமும் இங்கே ஒன்று வைக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. என் தப்பு அந்த இடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அது எனக்கு உறைக்க மழைக்காலம் வரவேண்டியிருந்தது.

முதலில் முத்திரை. காரைக்குடியில் எனக்கு ஜெராக்ஸ் கடை, கூடவே ரப்பர் ஸ்டாம்ப் வேலையும் உண்டு. கம்ப்யூட்டரில் எழுத்தடித்து, நெகட்டிவ் எடுத்து, பாலிமரை வெளிச்சத்தில் காட்டிக் கழுவினால் ஸ்டாம்ப் தயார். அந்த வழியில் செய்திருந்தால் அரைமணி நேர வேலை. ஆனால் ஆச்சியின் யாளி முத்திரை கையால் செதுக்கியது. அதில் கத்தி போன தடம் தெரியும். அதைப் பார்த்த பிறகு மெஷினில் செய்ய மனசு வரவில்லை. மதுரையில் லினோ கட்டர் செட் ஒன்று வாங்கினேன், 320 ரூபாய். செதுக்குகிற ரப்பர் 6 செ.மீ.க்கு 6 செ.மீ. துண்டு, 90 ரூபாய்.

பூவை ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிற கொட்டகையில் பார்த்து வரைந்தேன். அங்கே கண்ணாடிப் பலகைமேல் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரப்புகிறார்கள். வேலை செய்கிறவர் பார்ப்பது கல்லின் முதுகை. முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. முத்திரையும் அப்படித்தான், நாம் செதுக்குவது ஒன்று, தாளில் விழுவது அதன் மறுபக்கம். பென்சிலால் பட்டர் பேப்பரில் வரைந்து, ரப்பர்மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால் படம் தானாகவே திருப்பி இறங்கிவிடும். இதில் சிக்கல் வரவில்லை.

சிக்கல் கத்தியின் சாய்வில் வந்தது. இதழின் கோட்டை மெலிதாக்க வேண்டும் என்று இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சாய்த்து வெட்டினேன். மேலே பார்த்தால் அழகாக இருந்தது, அடியில் பிடிமானமே இல்லை. பன்னிரண்டாவது பதிப்பில் ஒரு இதழ் அப்படியே பிய்ந்துபோனது. இரண்டாவது துண்டில் கத்தியை வெளிப்பக்கம் சாய்த்து, கோட்டின் அடி அகலமாக, மேடு போல நிற்கும்படி வெட்டினேன். ஆழம் 2 மி.மீ. போதும். அதற்குமேல் போனால் ரப்பர் வளைந்துகொடுத்து ஓரமெல்லாம் மை அப்பிக்கொள்கிறது. அந்த முத்திரை இன்றுவரை நிற்கிறது.

பெட்டி, நான்கு பக்கம் கொக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பா, மூடியில் சிலிக்கான் வளையம், 140 ரூபாய். எவர்சில்வர் தூக்கு வைக்கலாமா என்றும் யோசித்தேன். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஈரம் புகும் என்று விட்டுவிட்டேன். வெளியே செம்மண் நிறத்தில் பெயிண்ட் அடித்தேன். நோட்டை நானே தைத்தேன், 80 ஜிஎஸ்எம் தாள், 64 பக்கம், நடுவில் பைண்டிங் நூல். ஸ்டேப்ளர் பின் போட்டால் மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும்.

ஆடி மாதம் வைத்தேன். இடத்தைச் சொல்கிறேன், என் பெட்டி இப்போது அங்கே இல்லை. கலிங்கு என்பது கண்மாயில் மிகுந்த தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு. அங்கிருந்து கரையோடு கிழக்கே போனால் பனைகள் வரும். அதில் ஒரு பனையின் தூரில் ஆச்சியின் பெட்டி. அதைத் தாண்டிப் போனால் உள்வாய்ச் சரிவில், அதாவது கரையின் தண்ணீர்ப் பக்கத்தில், செம்புறாங்கல் குவியல் ஒன்று. அதற்குள் என் பெட்டி. பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கும் உறுத்தத்தான் செய்தது. அதனால் 30 மீட்டர் டேப் எடுத்துப்போய் அளந்தேன். ஒரு முழு டேப்பும் இன்னும் 8 மீட்டரும் வந்தது. என் நடையில் 53 தப்படி. ஒரு ஆள் நின்று கூப்பிட்டால் இன்னொருவர் திரும்பிப் பார்க்கிற தூரம், இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்மாய் ஊருக்குப் பொது, கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஐப்பசி வரைக்கும் என் பெட்டிக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் எனக்கு அனுப்பிய படத்தில் யாளி இருந்தது. அதாவது என் குறிப்பை வைத்துக்கொண்டு போய், முதலில் கையில் பட்ட ஆச்சியின் பெட்டியை எடுத்து, அதுதான் என்று பதித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து மறுபடி தேடி என்னுடையதையும் எடுத்தார். இரண்டு பெட்டியையும் வெளியில் வைத்துக்கொண்டு பதித்தவர், எது எங்கிருந்து வந்தது என்று குழம்பி மாற்றி வைத்துவிட்டார். ஆச்சியின் குறிப்போடு போனவருக்கு என் பூ கிடைத்தது.

நான் ஒரு சனிக்கிழமை போய் மாற்றி வைத்தேன். அத்தோடு முடிந்தது என்றும் நினைத்தேன். ஆனால் அன்றைக்கே கண்ணில் பட்ட இன்னொன்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனைக்கும் கல்குவியலுக்கும் நடுவே புல் படுத்து, ஒற்றையடித் தடம் ஒன்று விழுந்திருந்தது. நாலு வருஷத்தில் ஆச்சியின் பெட்டிக்கு வந்தவர்கள் அப்படி ஒரு தடம் போடவில்லை. என் ஏழு பேரும் அங்குமிங்கும் தேடியதில் மூன்று மாதத்தில் விழுந்துவிட்டது. ஆடு மேய்க்கிற பையன்களுக்கு அந்தத் தடம் போதும், இரண்டு பெட்டியும் தெரிந்துவிடும்.

அப்புறம் மழை. நான் உள்வாய்ச் சரிவில் வைத்தது இன்னொரு தப்பு. வறண்ட கண்மாயைப் பார்த்தபோது தண்ணீர் அந்தக் கல்குவியல்வரை ஏறும் என்று தோன்றவில்லை. நாலு நாள் அடித்த மழையில் ஏறிவிட்டது. அந்தச் சமயம் தேடி வந்த ஒருவர், என் பெட்டி தண்ணீரில் போய்விடுமே என்று நல்ல மனசோடு அதை எடுத்திருக்கிறார். பக்கத்தில் ஆச்சியின் பெட்டியும் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுடையது என்று எண்ணி, மேட்டில் ஒரு பொந்துக்குள் இரண்டையும் ஒன்றாகத் திணித்து வைத்திருக்கிறார். இடம் போதவில்லை. என் பெட்டியின் கொக்கி இடித்து ஆச்சியின் பெட்டி மூடி ஒரு பக்கம் திறந்துகொண்டது. பதினோரு நாள் அப்படியே இருந்திருக்கிறது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 53 தப்படிக்குள் இரண்டு பெட்டி இருந்தால் எவரும் ஒருவருடையது என்றுதான் நினைப்பார்.

என் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆச்சியின் நோட்டு ஊறிப்போயிருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, கானாடுகாத்தான் போனேன். முகப்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, மழையில எங்க இப்படி?" என்றார். நான் கவரை நீட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். என் பெட்டி அங்கே இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

கொஞ்ச நேரம் நோட்டைத் திறக்காமல் கையில் வைத்திருந்தார். "பெட்டி போனாப் போகுது தம்பி. இதுல மூணாவது பக்கத்துல என் பேத்தி முதல் தடவையா அவ முத்திரையை வச்சா. லீவுக்கு வந்தப்ப ரெண்டு பேருமாத்தான் போயி வச்சோம்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. காப்பி கொடுக்கச் சொன்னார்.

நான் நோட்டைச் சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். தாளும் மையும் என் தொழில் என்பதால் இது ஒன்றாவது எனக்குக் கைவரும். நனைந்த நோட்டு கையில் இருப்பவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். ஈரமாக இருக்கும்போது பக்கங்களைப் பிரிக்கவே கூடாது, தாள் கிழியும். முதலில் நோட்டை மூடியபடியே துணியில் ஒற்றி நீரை இறக்கினேன். பிறகு விசிறி மாதிரி லேசாக விரித்து நிமிர்த்தி வைத்தேன். தானாகப் பிரிகிற இடத்தில் மட்டும் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளைச் செருகினேன். அச்சான செய்தித்தாள் வேண்டாம், அதன் மை இதில் ஏறிவிடும். முதல் நாள் மணிக்கு ஒருமுறை தாளை மாற்றினேன். வெயிலில் வைக்கவில்லை, வெயில் பட்டால் தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கூரை மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டேன். மூன்றாம் நாள், தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கிற பதத்தில், இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். இரண்டு இரவு.

நோட்டில் 41 பதிவுகள் இருந்தன. பதினொன்று கலங்கிவிட்டது. கலங்கிய பதினொன்றும் சாதாரண ஊதா ஸ்டாம்ப் பேடில் பதித்தவை. அந்த மை தண்ணீரில் கரையும் சாயம். நான் தினமும் கடையில் விற்கிற மை அதுதான். நிறமி மையில் பதித்தவை நனைந்தும் அசையவில்லை. பேத்தியின் முத்திரை ஊதா. மயில் ஒன்று, தோகை முழுவதும் புகை மாதிரி பரவியிருக்கிறது. கழுத்தும் கொண்டையும் மட்டும் தெரிகிறது. அதை என்னால் திருப்ப முடியவில்லை.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, என் பெட்டியைக் கரையிலிருந்தே எடுத்துவிடுகிறேன் என்றேன். ஆச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கண்மாய் பொதுதான். எடுக்க வேணாம். ஆனா அந்தப் பனைக்கு அடியில குனிஞ்சு பாக்கணும்னு மொதல்ல நெனச்சது நான் இல்லையா? எங்கிட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா, எது சரியா வரும் எது வராதுன்னு நானே காட்டியிருப்பேன்ல" என்றார்.

மழை விட்டதும், மார்கழிக் கடைசியில், கலிங்குவரை என்னோடு வந்தார். முழங்கால் வலி, அதற்குமேல் நடக்க முடியாது. அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க பெட்டிக்கும் பெட்டிக்கும் அளந்தீங்க. தேடி வர்றவன் எம்புட்டுத் தூரம் தப்பா நடப்பான்னு அளந்தீங்களா?"

அளக்கவில்லை. இதுவரை அப்படி யோசித்ததே இல்லை. சரி, இப்போது அளக்கலாம் என்று மூன்று பேரை வரவழைத்தேன். அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். கடையில் வேலை பார்க்கிற பெண். பள்ளத்தூர் நண்பர் ஒருவர். மூவருக்கும் என் பழைய குறிப்பைத் தனித்தனியே கொடுத்து, ஒருவர் தேடுவதை மற்றவர் பார்க்காதபடி அனுப்பினேன். பெட்டி அங்கே இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் குனிந்து கைவைத்துத் துழாவிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். பழைய இடத்திலிருந்து மிகத் தூரப் பொட்டு பையனுக்கு 19 மீட்டர், அந்தப் பெண்ணுக்கு 27, நண்பருக்கு 44. நண்பர் ஆச்சியின் பனையையும் தாண்டிப் போய் அங்கேயே கால்மணி நேரம் துழாவினார்.

ஆச்சியின் குறிப்புக்கும் இதேபோல ஒரு கணக்கு இருந்தது. அவர் எண்ணச் சொல்லும் பனைகளில் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. சாய்ந்ததை எண்ணுகிறவர் ஓரிடத்தில் நிற்பார், எண்ணாதவர் 60 தப்படி தாண்டிப் போவார். 60 தப்படி என்றால் 43 மீட்டர். என் ஆள் 44 மீட்டர் அந்தப் பக்கம் வரலாம், அவர் ஆள் 43 மீட்டர் இந்தப் பக்கம் வரலாம். இரண்டையும் கூட்டினால் 87. நான் விட்டிருந்த இடைவெளி 38. அங்கே குழப்பம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஜிபிஎஸ் வைத்துப் பெட்டி தேடுகிற ஜியோகேச்சிங்கில் 161 மீட்டர் என்று ஒரு விதி இருக்கிறது. மைலில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது அவ்வளவு இருக்கவேண்டும். அங்கே போனே இடத்தைக் காட்டிக் கூட்டிப்போகிறது, அதனால் மீட்டர் கணக்கு ஒன்றே போதும். நம் விளையாட்டில் ஆளைக் கூட்டிப்போவது வாக்கியம். "சாய்ந்த மரத்துக்கு அப்பால்" என்று எழுதினால் அந்த "அப்பால்" சிலருக்குப் பத்தடி, சிலருக்கு நூறடி. அதனால் மீட்டர் கணக்கு மட்டும் போதாது. இரண்டு குறிப்பும் ஒரே இடத்தில் ஆரம்பித்தால், ஒரே மரத்தைப் பார்க்கச் சொன்னால், அரைக் கிலோமீட்டர் விட்டாலும் ஆள் தவறுவார். நானும் ஆச்சியும் இரண்டு பேருமே கலிங்கிலிருந்துதான் ஆரம்பித்திருந்தோம், இரண்டு பேருமே கிழக்கே போகச் சொல்லியிருந்தோம். நான் அவர் குறிப்பைப் படித்துவிட்டு எழுதியவன். தெரியாமலேயே அவருடைய பாதையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிய இடம் தேட இரண்டு ஞாயிறு ஆனது. சில இடங்களைப் பார்த்தவுடனே தள்ளினேன். கரைக்கு மறுபக்கம் ஐயனார் கோவில் காடு, மண் குதிரைகள் நிற்கின்றன. அங்கே ஒளிக்க எத்தனையோ இடுக்கு உண்டு. ஆனால் நேர்த்திக்கடனாக வைத்த குதிரையின் காலடியில் ஒருவர் கைவிட்டுத் துழாவுவதை என்னால் ஏற்க முடியாது. மடையின் கல்கட்டு வேண்டாம், ஒரு கல் அசைந்தாலும் கண்மாய்த் தண்ணீரில் பயிர்செய்கிற ஆயக்கட்டுக்காரர்களுக்குத்தான் நஷ்டம். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் சுவரில் வைக்கலாம் என்று நண்பர் சொன்னார். அந்த வீட்டுக்கு இருபது பங்காளி இருப்பார்கள், யாரிடம் அனுமதி கேட்பது? டார்ட்மூர்க்காரர்களும் பழஞ்சின்னங்களிலும் இடிந்த கட்டடங்களிலும் பெட்டி வைக்கக்கூடாது, சிமெண்ட் வைத்துப் பூசக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். திருமயம் கோட்டையைப் பலரும் கேட்கிறார்கள். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, அந்தப் பேச்சையே எடுக்கவேண்டாம்.

கடைசியில் கலிங்குக்கு மேற்கே, கரையின் வெளிச்சரிவில், ஒரு வேப்பமரத்து வேரடியில் இடம் கிடைத்தது. ஆச்சியின் பனையிலிருந்து போன் வரைபடத்தில் 410 மீட்டர். தண்ணீர் ஏறாது. கலிங்கு பக்கமே வராமல், பள்ளத்தூர்ப் பக்கத்து வண்டிப்பாதையில் ஏறி வரலாம். மடை திறக்கிற பெரியவரிடம் பெட்டியைத் திறந்து காட்டி, என்ன ஏது என்று விளக்கினேன். "பொழுதுபோக்குக்குத்தானே, வச்சுக்கங்க" என்றார். முன்பு இதையும் நான் செய்யவில்லை.

புதிய குறிப்பை எழுதி, அதே சோதனையை வேறு மூன்று பேரை வைத்துச் செய்தேன். மிகத் தூரப் பொட்டு 16 மீட்டர். காரணம், குறிப்பில் மரத்தை எண்ணச் சொல்வதை விட்டுவிட்டேன். மரம் விழும், முளைக்கும். அதற்குப் பதில் கரையில் பதித்திருக்கும் ஒரு கல்லைத் தொட்டுக்கொண்டு நின்று, திசைகாட்டியில் 210 பாகை பார்த்து, 24 தப்படி இறங்கச் சொன்னேன். என் தப்படி 72 செ.மீ. என்பதையும் எழுதிவிட்டேன்.

இதில் ஆச்சிக்கும் எனக்கும் ஒரு விவாதம் நடந்தது. "இந்தக் கரையில் இன்னொருவர் பெட்டியும் உண்டு, அது இதைச் சேர்ந்ததல்ல, கிடைத்தால் தொடாமல் விடுங்கள்" என்று என் குறிப்பில் ஒரு வரி சேர்க்க நினைத்தேன். ஆச்சி வேண்டாம் என்றார். அப்படி எழுதினால், அஞ்சலட்டை வாங்காதவர்களும் கரை முழுக்கத் துழாவ ஆரம்பிப்பார்கள், அவர் பெட்டி இருக்கும் இடத்தை நான் பாதி சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். அவர் சொன்னது சரி. ஒருவருடைய பெட்டி இருக்கும் விஷயத்தை வெளியே சொல்வதும் அவர் உரிமைதான். அந்த வரியைக் குறிப்பில் போடாமல், என் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டினேன். என் பெட்டியை ஏற்கெனவே கண்டுபிடித்தவர் மட்டும்தான் அதைப் படிப்பார்.

மூடிக்குள் இன்னும் இரண்டு வரி உண்டு. பெட்டி யாருடையது, போன் எண். "வேப்பமர வேரடி, தட்டைக் கல்லுக்குக் கீழ், மூடி மேலே இருக்கும்படி வைக்கவும்." எங்கே திருப்பி வைக்கவேண்டும் என்பது பெட்டிக்குள்ளேயே இருந்தால், யாராவது நல்ல மனசோடு இடம் மாற்றியிருந்தாலும் அடுத்தவர் சரிசெய்துவிடலாம். முத்திரையைச் சின்னத் துணிப்பையில் போட்டு, பையை நோட்டின் முதுகு நூலோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். இனி ஒரு பெட்டியின் முத்திரை இன்னொரு பெட்டிக்குப் போகாது. ஆச்சியின் பெட்டிக்கும் இதேபோல் ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அவருடைய டப்பா பச்சை, சதுரம். அதனால் என்னுடையதை நீளவாக்கில், உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவாக மாற்றினேன். கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரியவேண்டும். உள்ளே இருப்பது தெரிந்தால் வழிப்போக்கர் யாரும் பயந்து போலீசுக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

செலவு. முதல் தடவை 740 ரூபாய்: டப்பா 140, ரப்பர் இரண்டு துண்டு 180, கட்டர் 320, நோட்டு 40, பெயிண்ட் 40, ஜிப் கவர் 20. இரண்டாவது தடவை 525: புதிய டப்பா 165, கறுப்பு நிறமி மை பேட் 260, நியூஸ்பிரிண்ட் 60, நோட்டு 40. பெட்ரோலைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆச்சியிடம் முதலிலேயே ஒரு போன் செய்திருந்தால் இரண்டாவது செலவில் மை பேட் தவிர எதுவும் வந்திருக்காது. மை பேடை எப்படியும் வாங்கித்தான் ஆகவேண்டும். இப்போது பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன நிறமி மை பேடும் வைத்திருக்கிறேன், ஊதா மையோடு வருகிறவர்களும் இதையே எடுத்துப் பதிக்கட்டும் என்று.

இன்னும் சரியாகாத ஒன்று, பனைக்கும் பழைய கல்குவியலுக்கும் நடுவே விழுந்த தடம். புல் மறுபடி நிமிர்ந்தாலும் கோடு தெரிகிறது. அதன் குறுக்கே காய்ந்த பனைமட்டைகளைப் போட்டிருக்கிறேன். அடுத்த மழைக்குப் பிறகுதான் மூடும். அதுவரை ஆச்சி யாருக்கும் புதிதாக அஞ்சலட்டை எழுதவில்லை. அது என்னால் வந்த நிறுத்தம் என்பதால், வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து அவருக்குப் படம் அனுப்புகிறேன்.

போன வாரம் காரைக்குடிக் கல்லூரி மாணவி ஒருத்தி கடைக்கு வந்தாள். என் பெட்டியைக் கண்டுபிடித்தவள், தானும் அந்தக் கரையில் ஒன்று வைக்க ஆசைப்படுகிறாளாம். வைப்பதற்கு முன்னால் கேட்க வந்திருக்கிறாள். என் குறிப்பின் பாதையை வரைந்து கொடுத்தேன். ஆச்சியின் பாதையை நான் சொல்லக்கூடாது, அவரையே கேட்கவேண்டும் என்று போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கலிங்கில் கூடுகிறோம். டேப்பும் சுண்ணாம்பும் என் பொறுப்பு. ஆச்சி வெள்ளைப் பணியாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.